ஒரு சேலையில் எத்தனை விரிப்பு?

சின்னமனூரைச் சேர்ந்த அம்மையார் ஒருவர், அமெரிக்காவில் வாழும் மகளின் பேறுகாலத்துக்குத் துணையாகப் புறப்பட்டபோது, பெட்டியில் முதலில் எடுத்து வைத்தவை நான்கு பழைய நூல்சேலைகள். சுக்கும் ஓமமும் கருப்பட்டியும் அதற்குப் பிறகுதான். அவர் நம் குழுவின் நண்பர் ஒருவருக்கு அத்தை முறை. பழஞ்சேலை எதற்கு என்று எவரேனும் கேட்டிருந்தால் அவருக்கே வியப்பாக இருந்திருக்கும். பிள்ளை பிறந்தால் தூளி கட்ட வேண்டாமா?

அங்கே போய்ப் பார்த்தால் தூளி கட்ட இடமில்லை. வாடகை வீடு. தலைக்கு மேலே விட்டமும் இல்லை, கொக்கியும் இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை. "டாக்டர் தூளியே கூடாதுன்னுட்டாங்கம்மா" என்று மகள் முதல் நாளே சொல்லிவிட்டார். அறையின் மூலையில் நாற்புறமும் மரச்சட்டம் அடைத்த சிறு கட்டில் ஒன்று நின்றது. அதற்குள் பலகை போல் இறுகிய மெத்தை. மெத்தையின்மேல் ஒரே ஒரு விரிப்பு. தலையணை இல்லை, போர்வை இல்லை. கடைக்காரர்கள் 'ஃபிட்டட் ஷீட்' என்கிற அந்த விரிப்பு, நான்கு மூலைகளிலும் தைக்கப்பட்டு, ஓரம் முழுவதும் எலாஸ்டிக் கோக்கப்பட்டு, மெத்தையைப் பிடித்த பிடியில் கவ்விக்கொண்டிருந்தது. அத்தை அதனைக் கழற்றிப் புரட்டி ஓரத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது உள்பாவாடைக்கு நாடா கோத்த மாதிரித்தானத்தா இருக்கு" என்றாராம். அன்றிரவே ஊருக்குத் தொலைபேசி வந்தது: "ஆறு கஜச் சேலையில இது எத்தனை வரும்னு யாரையாச்சும் கேட்டுச் சொல்லு."

நண்பர் அக்கேள்வியை நம் குழுவிடம் கொண்டுவந்தார். இலக்கியம் பேசுவோரிடம் கேட்கிற கேள்வியா இது என்று ஒருவர் நகைத்தார். இன்னொருவர் அளவுநாடாவை எடுத்தார். கணக்கு அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதனைக் கட்டுரையின் இறுதியில் தருகிறோம். ஆனால் அக்கேள்வியின் பின்னால் வேறொன்று நம்மை விடாமல் பிடித்துக்கொண்டது. கம்பம் பள்ளத்தாக்கின் வீடுகளில், பிறக்காத குழந்தைக்கு முன்கூட்டியே அளவெடுத்துத் துணி தைத்ததுண்டா? நாம் கேட்ட முதிய பெண்மணிகள் அனைவரும் ஒரே குரலில் இல்லை என்றனர். ஒருவர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார். ஏன் இல்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் தூளியைப் பற்றிச் சிறிது. தூளி, ஏணை, தொட்டில் என்று ஊருக்கொரு பெயர் உண்டு, பொருள் ஒன்றுதான். விட்டத்திலிருந்து தொங்கும் கயிற்றில் சேலையின் இரு முனைகளையும் முடிந்து, மடிப்பு விழும் இடத்தில் குழந்தையைக் கிடத்துவது. காற்றும் வெளிச்சமும் வர வேண்டுமானால் சேலையை விரித்துப் பிடிக்கக் குறுக்கே ஒரு தொட்டில் கம்பு. இந்த அமைப்பில் மெத்தை எது, விரிப்பு எது, போர்வை எது, கொசுவலை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான்கும் ஒரே சேலைதான். குழந்தை நனைத்துவிட்டால் நீர் துணியினூடே இறங்கிச் சாணம் மெழுகிய தரையில் சொட்டும்; தாய் முடிச்சைத் தளர்த்தி நனைந்த பகுதியை மேலே ஏற்றி உலர்ந்த பகுதியைக் கீழே இறக்குவாள். ஆறு கஜம் இருப்பதால் இப்படிச் சில முறை நகர்த்தலாம். தொட்டில் விரிப்பு என்றொரு தனிப்பொருளுக்கு நம் வழக்கில் பழஞ்சொல் அமையாததற்குக் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். பொருள் இல்லாத இடத்தில் சொல் எப்படிப் பிறக்கும்!

வீட்டில் மட்டுமா? முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895இல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே இப்பள்ளத்தாக்குக்குள் திரும்பிய பின், இருபோக நெல்லுக்கு நாற்று நடப் பெண்கள் கூட்டங்கூட்டமாகத் தேவைப்பட்டார்கள். வரப்போரத்து வேம்பிலும் புளியிலும் தூளிகள் தொங்கின. மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குச் சென்றவர்களின் கதையும் அதுவே. இன்றும் விடியுமுன்பே கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போகிற பெண்களை எவரும் காணலாம். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. இலங்கையின் மலையகத்தில் இதனைப் 'பிள்ளைக் காம்பரா' என்பர். சட்டம் கட்டடத்தைத் தந்தது. உள்ளே வரிசையாகத் தொங்கிய சேலையைத் தாய்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

இனிப் பழஞ்சேலை ஏன் என்பதற்கு வருவோம். எவரும் முதலில் சொல்லும் காரணம் மென்மை. புதிய கைத்தறிச் சேலையில் கஞ்சி இருக்கும்; நூலும் முறுக்கோடு நிற்கும். நாற்பது ஐம்பது முறை வெளுத்த பிறகே அது குழந்தையின் தோலுக்குப் பக்குவமாகும். தாயின் வாசனை அதில் இருப்பதால் குழந்தை அழாது என்பது அடுத்த காரணம். இரண்டும் உண்மையே. ஆனால், பழஞ்சேலை கிழித்துப் போட்டால் போதும். புதுத்துணி முன்கூட்டியே வாங்கக்கூடாது, தைக்கக்கூடாது, பேசவும் கூடாது என்று விலக்கு விதிக்கிற அளவுக்கு மென்மையும் வாசனையும் வலிமையான காரணங்கள் அல்லவே? அந்த விலக்கின் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளில், பிறந்த குழந்தையைத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்கியதும், பிச்சை என்றும் குப்பை என்றும் பெயரிட்டு அழைத்ததும் நாம் அறிந்த வழக்கங்கள். கொண்டுபோக வருகிறவனுக்கு இது கொண்டுபோகத் தகுந்த பொருளன்று என்று காட்டுகிற தந்திரம் அது. பழந்துணியும் அதே தந்திரத்தின் ஓர் இழை என்று நாம் கருதுகிறோம். அலமாரியில் புதிய துணி மடித்து வைக்கப்பட்டிருந்தால் அது ஓர் எதிர்பார்ப்பின் அறிவிப்பு. எதிர்பார்ப்பை உரக்கச் சொன்னால் கண்படும். பழஞ்சேலையோ எதனையும் அறிவிப்பதில்லை. குழந்தை பிழைத்தால் தூளி. பிழைக்காவிட்டால் அது மறுபடியும் சேலைதான், யார் கண்ணையும் உறுத்தாது.

இது மூடநம்பிக்கை என்று சிரிக்கலாம். சிரிக்குமுன் ஓர் எண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. 1971இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதலாண்டைக் காணவில்லை. கிட்டத்தட்ட எட்டில் ஒன்று. நாம் பேசிய பெண்மணிகளில் பலர் பிள்ளை பெற்ற காலம் அது. எட்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் தைத்த துணி மீந்துபோகும் காலத்தில், தைக்காமல் இருப்பது அறிவுடைமைதான்.

நம் புலவர்களும் இந்த எச்சரிக்கையை அறிந்தே இருந்தனர் போலும். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தைப் பாருங்கள். பத்துப் பருவங்களில் முதலாவது காப்பு. தெய்வங்களிடம் குழந்தையைக் காக்கும்படி வேண்டுவது. அதுவும் பிறந்த அன்றே தொடங்குவதில்லை. மூன்றாம் திங்களில் என்பர். செங்கீரை ஐந்தாம் திங்களில். முதலிரண்டு மாதங்களில் புலவர் வாய்திறப்பதில்லை! குழந்தை நிற்குமா என்று வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் மாதங்கள் அவை. பெரியாழ்வாரின் தாலாட்டில் பிரமனே பொன்தொட்டில் அனுப்பி வைக்கிறான். ஒவ்வொரு தேவரும் ஓர் அணிகலன் அனுப்புகின்றனர். அது கண்ணனுக்கு. கண்ணன் பிழைப்பானா என்ற கவலை பாடுகிறவருக்கும் இல்லை, கேட்கிறவருக்கும் இல்லை. வரப்போரத் தூளிக்கு அந்த உறுதி எங்கிருந்து வரும்?

வேடிக்கை என்னவென்றால், குழந்தைப் படுக்கைக்கு வேண்டிய பொருள்கள் அனைத்தும் இப்பள்ளத்தாக்கைச் சுற்றியே விளைந்தன. போடிநாயக்கனூர் மலையடிவாரத்திலும் வருசநாட்டுப் பக்கத்திலும் இலவமரங்கள் செறிந்த தோப்புகள் உண்டு. கோடையில் காய்கள் முற்றி வெடிக்கும். உடைத்து, விதை நீக்கி, பஞ்சை மூட்டை கட்டுவார்கள். (இலவு காத்த கிளியைப் பழமொழியாக்கியவர்கள், அப்பஞ்சைக் காத்திருந்து வாங்கிய மெத்தைக்காரரை மறந்துவிட்டார்கள்.) இலவம்பஞ்சின் இழை உள்ளே குழலாக, காற்று நிறைந்து, மெழுகுப் பூச்சோடு இருப்பது. நீர் ஒட்டாது, மிகமிக எடை குறைவு. ஆனால் வழுவழுப்பானது; முறுக்கினால் பிடிக்காது, நூலாகாது. ஆகவே இலவு மெத்தைக்குள் புகலாமே தவிர விரிப்பாக மேலே வர முடியாது. மேலே வருவதற்குப் பருத்திதான் வேண்டும்.

நீர் ஒட்டாத அந்தக் குணத்தால் இலவம்பஞ்சு கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளில் அடைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜாவாத் தீவு ஜப்பானியர் வசமானபோது அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு வரத்து நின்றுபோயிற்று. அதற்கு மாற்றாக அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் வயல்வெளிகளில் ஒரு பாற்செடியின் காய்களைச் சாக்குச் சாக்காகப் பறித்துத் தந்தனர். அது நம் எருக்கின் உறவுச்செடி. எருக்கு இக்கட்டுரையில் இன்னொரு முறை வரும். அப்போது இவ்வளவு இலகுவாக அதைப் பற்றிப் பேச முடியாது.

பருத்திக்கு ஆண்டிபட்டி இருக்கிறது. அவ்வூரின் சக்கம்பட்டியும், பக்கத்திலுள்ள டி.சுப்புலாபுரமும் நூல்சேலைக்குப் பெயர்பெற்ற நெசவூர்கள். பட்டில்லாத, பகட்டில்லாத, அன்றாடம் உடுத்துகிற சேலை. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. பின்னர் 11 வகைகளாகச் சுருங்கிய பட்டியலிலும் சேலையும் இருந்தது, படுக்கை விரிப்பும் இருந்தது. சட்டம் இருந்தும் விசைத்தறியின் ஓசை கைத்தறியின் ஓசையை விழுங்கிவிட்டதை இவ்வூர்களின் தெருக்களில் நடந்தால் கேட்கலாம். 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபடியே ஆண்டிபட்டித் தொகுதியில் வென்றார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. ஆண்டிபட்டிக்கும் அமெரிக்கக் கட்டிலுக்கும் அத்தைக்கு முன்பே ஒரு தொடர்பு உண்டு என்று நம் குழுவில் ஒருவர் சொன்னதை இங்கே பதிவு செய்யாவிட்டால் அவர் வருந்துவார்.

இலவு உள்ளது, சேலை உள்ளது. தையல்? எலியாஸ் ஹோ 1846இலும் ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்ற பொறி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்பே இந்தியத் தையற்கடைகளுக்கு வந்துவிட்டது. ஆனால் கடைக்கு வந்ததற்கும் வீட்டுக்கு வந்ததற்கும் இடையே நெடுங்காலம். இங்கே ஓர் உரையாடலை நினைவுகூர வேண்டும். 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியடிகளிடம், எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று வினவினார். சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் அடிகள் விலக்களித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்துக் களைப்பதைக் கண்ட கணவனின் அன்பில் பிறந்த பொறி அது என்பது அவர் கூறிய காரணம். அவ்வாண்டு நவம்பரில் 'யங் இந்தியா' இதழில் இவ்வுரையாடல் வெளிவந்தது. சிங்கரின் இல்வாழ்க்கையைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் அவ்வளவு அன்பு அங்கே இருந்ததாகச் சொல்வதில்லை. அது வேறு கதை. வினவிய அந்த இளைஞரே பின்னாளில் மருத்துவர் டி.எஸ். சௌந்தரம் அம்மையாரை மணந்து, 1947இல் இருவருமாகத் திண்டுக்கல்லுக்கு அருகே, சின்னாளப்பட்டியை ஒட்டி, காந்திகிராமத்தைத் தொடங்கினர். அங்கே எழுந்த கஸ்தூரிபா மருத்துவமனை பேறுகாலப் பணியிலிருந்து வளர்ந்தது. தையற்பொறிக்கு விலக்கு வாங்கித் தந்த கேள்வியும், இப்பக்கத்துக் கிராமப் பெண்களுக்குப் பாதுகாப்பான பிரசவமும் ஒரே மனிதரின் வாழ்வில் சந்தித்தன என்பதில் நமக்கொரு மகிழ்ச்சி.

மிதிபொறி இப்பள்ளத்தாக்கின் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்ததில் அரசின் பங்கும் உண்டு. கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரால் நடந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. பொறி வந்த பின்னும் அதன் முன் அமர்ந்தவர்கள் ரவிக்கையும் சீருடையும் தைத்தார்களேயன்றி, பிறக்கப் போகும் பிள்ளைக்கு எதுவும் தைக்கவில்லை. ஆக, தடையாக நின்றது கருவியின் குறைவன்று.

பிள்ளை பிழைக்குமா என்ற ஐயம் ஒன்று. அதன் கூடவே, பிள்ளையை வைத்துக்கொள்வார்களா என்ற ஐயமும் இந்நிலத்தில் இருந்தது. இதை எழுதாமல் கடந்துவிடலாம்தான். ஆனால் தொட்டிலின் வரலாறு என்று தலைப்பட்டுவிட்டு இதனை விட்டால் அது நேர்மையாகாது.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. 1986 ஜூனில் 'இந்தியா டுடே' இதழ் அவ்வட்டாரத்துப் பெண்சிசுக் கொலைகளை அட்டைக் கட்டுரையாக வெளியிட்டது. எருக்கம்பாலும் அரளிவிதையும் அதன்பின் நாடெங்கும் பேசப்பட்டன. மலைக்கு அப்புறம் மட்டும் நிகழ்ந்ததைப் போலத் தேனிப்பக்கத்தார் பேசுவதுண்டு. அரசு அப்படிக் கருதவில்லை. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. தேனி தனி மாவட்டமாக 1996இல்தான் பிரிந்தது. ஐந்தாண்டுக் குழந்தையான அம்மாவட்டத்துக்கு அரசு இப்படியொரு தொட்டிலையும் கட்ட வேண்டியிருந்தது. இடையில் 1994இல் அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 'கருத்தம்மா'வை எடுத்திருந்தார்.

பெற்றோர் பொறுப்பைக் கைகழுவ இத்திட்டம் வழிகாட்டுகிறது என்று அப்போதே பெண்ணிய இயக்கத்தார் பலர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆயினும், இறக்க இருந்த குழந்தைக்கு அது படுக்க ஓர் இடம் என்பதையும் மறுக்க இயலாது. நம் கட்டுரையின் சிறிய கோணத்திலிருந்து ஒன்றை மட்டும் சேர்க்கிறோம். அந்தத் தொட்டிலில் விரித்த துணி, எந்தத் தாயும் உடுத்தி வெளுத்துக் கரைந்த சேலையாக இருந்திருக்க முடியாது. யாருக்கென்று தெரியாத ஒரு குழந்தைக்காக, அது வருமுன்பே விரித்து வைக்கப்பட்ட துணி. வீடுகள் எதற்கு அஞ்சி முன்கூட்டியே துணி தைக்காமல் இருந்தனவோ, அதை அந்தக் காலித் தொட்டில் ஊரறியச் செய்துகொண்டு நின்றது. பெண் பிறந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தைக்காமல் வைத்திருந்த கைகளும் அவ்வீடுகளில் இருந்திருக்கும் என்று எண்ணும்போது, பழஞ்சேலையின் மென்மையைப் பற்றி நாம் மேலே எழுதியதை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முன்கூட்டித் தைக்கும் துணிவு ஒரு சமூகத்துக்கு எப்படி வருகிறது? பின்லாந்தின் கதை இங்கே உதவும். அந்நாட்டு அரசு 1938 முதல் ஏழைத் தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் பேறுகாலப் பெட்டி ஒன்றை வழங்கியது. கருவுற்ற நான்காம் மாதம் முடியுமுன் மருத்துவரிடம் சென்றவர்களுக்கே பெட்டி என்பது விதி. உள்ளே குழந்தைத் துணிகளும் சிறு மெத்தையும். மெத்தையை அட்டைப்பெட்டிக்குள்ளேயே விரித்துக் குழந்தையைக் கிடத்தலாம். தொடக்கக் காலத்துப் பெட்டிகளில் தைத்த உடைக்குப் பதில் வெறும் துணியே இருந்தது. தாய்மார் தாங்களே தைத்துக்கொள்வர் என்பதால். பிள்ளை பிறக்குமுன்பே தாயின் கையில் துணியைக் கொடுத்து, தைத்து வை, இது பிழைக்கும் என்று ஓர் அரசு சொல்வதை நினைத்துப் பாருங்கள். அதே பெட்டிதான் அவளை மருத்துவரிடமும் அனுப்பியது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு 2015இல் 16 பொருள்கள் அடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் வந்தது. அதிலும் சிறு மெத்தையும் வலையும் உண்டு. நம் பெட்டகம் பிறந்த பின் தரப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. வழக்கத்துக்கு அரசும் மதிப்புக் கொடுத்ததோ என்னவோ! ஆனால் அதற்குள் எண்கள் மாறிவிட்டிருந்தன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நிகழ்ந்தன. 2020இல் ஆயிரத்துக்கு 13 குழந்தைகளே முதலாண்டுக்குள் இறந்தன. இந்தியா முழுமைக்கும் 28. எட்டில் ஒன்று என்பது தமிழ்நாட்டில் எழுபத்தேழில் ஒன்று என்றாகிவிட்டது. தேனிக் கடைவீதியில் கொசுவலை கவிந்த குட்டி மெத்தைகள் தொங்குகின்றன; எட்டாம் மாதத்திலேயே வாங்கிப் போகிறார்கள். வாங்கியதை மாமியாருக்குத் தெரியாமல் தோழி வீட்டில் வைத்திருந்த பெண் ஒருத்தியையும் நாம் அறிவோம்.

இனி அமெரிக்கக் கட்டிலுக்குத் திரும்புவோம். அங்கே ஐயம் வேறு வடிவில் இருந்தது. நல்ல உடல்நலத்தோடு உறங்கப்போன கைக்குழந்தைகள் காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறப்பது அந்நாட்டு மருத்துவர்களை வாட்டியது. குப்புறப் படுக்க வைப்பதும், முகம் புதையும் மென்மையான படுக்கையும் இடர் என்று ஆய்வுகள் காட்டின. 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் மல்லாக்கப் படுக்க வைக்கும்படி அறிவுறுத்தியது. 1994இல் நாடு தழுவிய பரப்புரை தொடங்கியது. அதன்பின் பத்தாண்டுகளில் அத்தகைய இறப்புகள் பாதிக்கும் கீழே சரிந்தன. ஆகவேதான் அந்தப் பலகை மெத்தை. ஆகவேதான் தளர்வான துணி எதுவும் இல்லாமல், இழுத்துப் பிடித்த ஒரே விரிப்பு. நம் இலவம்பஞ்சு மெத்தையின் மெத்தென்ற தன்மையே அங்கே குற்றம்! தூளியும் வளைந்து கிடப்பதால் தேறவில்லை. நூற்றாண்டுகளாகத் தூளியில் வளர்ந்த நமக்கு இது சற்றே உறைக்கத்தான் செய்யும். இருந்தாலும் மருத்துவர் சொன்னதைக் கேட்ட மகளின் பக்கமே நாம் நிற்கிறோம். அத்தையும் இறுதியில் அங்கேதான் நின்றார்.

இப்போது கணக்கு. அந்த மெத்தை ஏறத்தாழ 28 அங்குல அகலம், 52 அங்குல நீளம். பக்கவாட்டில் இறங்கி அடியில் மடங்குவதற்கு ஒவ்வொரு புறமும் 8 அங்குலம் சேர்க்க வேண்டும். அகலம் 44, மூலைத் தையலுக்கு ஓர் அங்குலம் கூட்டினால் 45. நீளம் அவ்வாறே 69. நூல்சேலையின் அகலம் 45 அங்குலத்துக்குக் குறைவதில்லை. அகலவாட்டில் ஒரு நூலும் வெட்ட வேண்டாம்! நீளம் ஆறு கஜம், அதாவது 216 அங்குலம். மூன்று விரிப்புக்கு 207. ஒன்பது அங்குலம் மீதி. கம்பம் பள்ளத்தாக்குப் பெண்ணின் உடலுக்கு நெய்த சேலையும், அமெரிக்கத் தச்சன் அளந்த கட்டிலும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

தையல் முறையையும் சொல்லிவிடுகிறோம், எவருக்கேனும் பயன்படும். துணியை முதலில் வெந்நீரில் அலசி உலர்த்த வேண்டும். தைத்த பின் சுருங்கினால் விரிப்பு மெத்தையில் ஏறாது, ஏறினாலும் மூலை கழன்று எழும், அது குழந்தைக்கு ஆபத்து. 69 அங்குலத் துண்டின் நான்கு மூலைகளிலும் 8 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய இரு விளிம்புகளையும் நல்லபக்கம் உள்ளே வைத்து, அரை அங்குலம் விட்டு, இரட்டைத் தையலாகப் பிடித்தால் பெட்டி மூடி போல மூலை நிமிரும். பிறகு சுற்றிலும் ஓரத்தை மடித்துக் குழல்போல் தைத்து, ஓரிடத்தில் மட்டும் வாய் விட்டு, எலாஸ்டிக் பட்டையை ஊக்கில் மாட்டிச் செலுத்திச் சுற்றிக் கொண்டுவந்து, இரு முனைகளையும் சேர்த்து அழுத்தமாகத் தைத்து வாயை மூட வேண்டும். நீளவாட்டில் சேலையின் கரையே ஓரமாக அமைவதால் அங்கே பிசிறு வராது. அந்தக் கரை மெத்தைக்கு அடியில் போய் மறைந்துவிடும். நைந்துபோன சேலை இதற்கு உதவாது என்பதையும் அத்தை கண்டுகொண்டார். எலாஸ்டிக் இழுக்கிற இழுப்பில் முதல் விரிப்பின் மூலை கிழிந்துவிட்டது. தூளிக்கு எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. இதற்கோ இரண்டாண்டு உடுத்தியது போதும். நான்கு சேலைகளில் ஆண்டிபட்டிச் சேலை ஒன்றே தேறியது.

எலாஸ்டிக்கைப் பற்றியும் ஒரு சொல். இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1902இல் தட்டேக்காட்டில், பெரியாற்றின் கரையில் அமைந்தது. எந்த ஆற்றின் தண்ணீரை மறித்துக் கம்பத்துக்குத் திருப்பினார்களோ அதே ஆறு. கடைசியில் அதுவும் மலைக்கு அப்புறத்திலிருந்து வந்து சேர்ந்துகொண்டது என்று வைத்துக்கொள்வோமே.

மகளுக்கு அப்போது எட்டாம் மாதம். பிறக்குமுன் தைக்கலாமா என்று ஊரில் எவரிடமும் அத்தை கேட்கவில்லை. நாமும் நினைவூட்டவில்லை. அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கிய பொறியில் மூன்று நாள் பிற்பகல்களில் தைத்து முடித்தார். வெட்டி எடுத்த பன்னிரண்டு சதுரங்களையும் ஓரம் மடித்து, வாய் துடைக்கும் துணியாக்கி அடுக்கிவைத்தாராம். கணக்குப்படி ஒன்பது அங்குலம் மீந்திருக்க வேண்டிய முந்தானைத் துண்டு, வெந்நீரில் சுருங்கி ஐந்தங்குலமாக நின்றது. அதை மட்டும் வெட்டாமல் தைக்காமல் தம் பெட்டியின் அடியில் மடித்து வைத்துக்கொண்டார்.